ராசியான பெல்லட்

சிதம்பரத்தில், புவனகிரி சாலையோரக் கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆயுத பூஜை என்றால் அது பெல்லட்டுகளின் திருவிழா. பெல்லட் என்பது மாத்திரை நீளத்தில் வெள்ளை உறை போட்ட ஒரு காந்தத் துண்டு. குடுவைக்குள் போட்டுவிட்டு அடியில் இருக்கும் கருவியைத் திருகினால் கிறுகிறுவென்று சுற்றி உள்ளே இருப்பதைக் கலக்கும். வேறு எந்தப் பெருமையும் அதற்கு இல்லை. ஆனால் அந்தக் கூடத்தில் பட்டம் வாங்கிப் போகிறவர்கள், தங்களுக்கு ராசியாக இருந்த பெல்லட்டைத் தங்களுக்குப் பிடித்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். ஆயுத பூஜையன்று எல்லாப் பெல்லட்டுகளும் ஒரு தட்டில் வரிசையாக உட்கார்ந்து சந்தனம், குங்குமம் வைத்துக்கொள்ளும். பக்கத்தில் லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கருவிகள் பொட்டுகூட இல்லாமல் நிற்கும்.

பிரிசில்லாவின் பெல்லட், எழிலன் கொடுத்தது. அவளுக்கு நான்கு வருஷம் மூத்த ஆராய்ச்சி மாணவன். கொரியாவுக்குக் கிளம்பிய அன்று அவள் உள்ளங்கையில் வைத்து மூடினான். "இதப் போட்டு நான் செஞ்ச எதுவும் சொதப்புனதில்ல பிரிசி. பத்திரமா வச்சிக்க."

பார்க்க லட்சணமாக ஒன்றும் இல்லை. வெள்ளையாக இருக்கவேண்டியது சாம்பல் பூத்துப்போய், உடம்பெல்லாம் கீறல் விழுந்து, கீறலுக்குள் கறுப்பாக ஏதோ அடைந்து கிடந்தது. பிரிசில்லா கடலூர் முதுநகரில் மாதா கோயில் தெருவில் வளர்ந்த வேதக்காரப் பெண். குங்குமம் வைக்க மனசு வரவில்லை. அதனால் தன் ஜெபமாலை டப்பாவிலிருந்து ஜெபமாலையை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, டப்பாவைப் பெல்லட்டுக்குக் கொடுத்தாள். இதற்குக் குங்குமமே வைத்திருக்கலாம்.

அவளுடைய ஆராய்ச்சி இதுதான். மருந்து செய்கிற இடங்களில் இரண்டு மூலக்கூறுத் துண்டுகளை ஒன்றோடு ஒன்று ஒட்டவைக்கப் பல்லேடியம் என்ற உலோகம் வேண்டும். தான் செலவாகாமல் மற்றதை வேலை வாங்குகிற வினையூக்கி அது. விலை ஜாஸ்தி. வேலை முடிந்தபின் மருந்திலும் ஒட்டிக்கொள்ளும், கழிவிலும் போய்ச் சேரும். அந்த உலோகமே வேண்டாம், புரோலின் என்று செடிகொடிகளிலேயே இருக்கிற அமிலத்திலிருந்து ஒரு சின்னக் கரிம மூலக்கூறைச் செய்து, அதையே வினையூக்கியாக வைத்து ஒட்டவைக்கலாம் என்பது பிரிசில்லாவின் வழி. நாலு வருஷத்தில் நாற்பது தடவைக்கு மேல் செய்து பார்த்திருந்தாள். ஒரே ஒரு வாரத்தைத் தவிர, ஒவ்வொரு தடவையும் எழிலனின் பெல்லட்டைப் போட்டுத்தான்.

இரண்டாம் வருஷம் ஒரு வாரம் அந்தப் பெல்லட் தொலைந்துபோனது. அந்த வாரம் செய்த மூன்று சோதனைகளும் படுத்துக்கொண்டன. பிரிசில்லா அழுதாள், சாப்பிடவில்லை, தன் நேரம் சரியில்லை என்றாள். எட்டாம் நாள் கழுவுதொட்டியின் குழாய் வளைவுக்குள் பெல்லட் கிடைத்தது. அன்றைக்கே சோதனையும் பலித்தது. அறிவியல் படித்த வேறொருத்தியாக இருந்தால் அந்த இடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கொஞ்சம் யோசித்திருப்பாள். நம் பிரிசில்லா பெல்லட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இந்த ஆராய்ச்சியை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நம்பியவர் ஒரே ஒருவர்தான். அவளுடைய அக்கா ஜோதி மேரியின் கணவர், சகாய ஆனந்த்.

அவர் முதுநகருக்குத் தெற்கே கோவிந்தசாமி என்பவரின் சின்ன மருந்துப்பொருள் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக, சரக்கைச் சூடேற்றிக் கலக்கும் ரியாக்டர் கலனை ஓட்டுகிறவர். ஐ.டி.ஐ. படிப்புதான். ஆனால் வேலையில் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு நிற்பார். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சூடு எவ்வளவு, எது எத்தனை மணிக்கு உள்ளே போனது என்று பேட்ச் ஷீட்டில் எழுதுவார். அச்சடித்ததுபோல் இருக்கும் அவர் கையெழுத்து. கொட்டகைக்குப் பின்னால் அடுக்கியிருந்த பல்லேடியக் கழிவு டிரம்களை உருட்டுவதும் அவர் வேலைதான். முன்கையில் தோல் உரிந்து உரிந்து வந்துகொண்டிருந்தது. அதனால்தானோ என்னவோ, உலோகமே இல்லாத வழி என்று மச்சினி சொன்னது அவர் மனசில் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆறு மாசம் முதலாளி பின்னாலேயே அலைந்தார். "ஒரே ஒரு பேட்ச் போட்டுப் பாப்போம் மொதலாளி. எங்க மச்சினி கண்டுபுடிச்சது. பொய் சொல்ற பொண்ணு இல்ல."

கோவிந்தசாமி கடைசியில் சரி என்றார். ஆயுத பூஜை முடிந்த இரண்டாம் வாரம் நாள் குறித்தார்கள்.

அதற்கு முதல் நாள் பிரிசில்லா வினையூக்கி பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்துக் கடலூருக்கு அனுப்பினாள். குளிரில் வைக்கவேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை. அவளே வைத்ததில்லை. அவளுடைய பாட்டில் காலையிலிருந்து மாலைவரை மேஜையில் அவள் முழங்கைக்குப் பக்கத்தில், பாதி மூடியும் மூடாமலும் நின்றுகொண்டிருக்கும். ஆனால் கம்பெனிக்கு அனுப்பும்போது கொஞ்சம் மரியாதையாக இருக்கட்டும் என்று, 'குளிர்ப்பெட்டியில் வைக்கவும்' என்று பாட்டில்மேல் ஒரு சீட்டை ஒட்டி அனுப்பினாள்.

அன்று சாயங்காலம் சகாய ஆனந்த் போன் செய்தார். "ஏம்மா பிரிசி, உன் ராசி பெல்லட்டையும் எடுத்தாரியா? ரியாக்டர்ல போட்டு உடுவோம்."

"உங்க ரியாக்டர்ல கலக்குறதுக்குப் பெரிய இறக்கையே இருக்குது மாமா. அதுல உழுந்தா என் பெல்லட்டு நொறுங்கிடும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மறுநாள் பிரிசில்லாவும் அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் மணவாளனும் மதியம் போய்ச் சேர்ந்தார்கள். பதினொரு மணிக்கே எல்லாம் உள்ளே போட்டாகிவிட்டது. மணவாளன் ரியாக்டர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். மூன்று மணிக்குப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஆறு மணிக்கும் இல்லை. இரவெல்லாம் ஓடவிட்டு மறுநாள் காலையில் திறந்தால், ரியாக்டருக்குள் இருநூறு லிட்டர் தார் இருந்தது.

கோவிந்தசாமி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலாம். "என்னா ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். மணவாளன் பிரிசில்லாவைப் பார்த்தார்.

"லேப்ல நாப்பது தடவ வந்திருக்கு சார்," என்றாள் பிரிசில்லா. "கேட்டலிஸ்ட் வெளிய வெயில்ல கெடந்திருக்கணும். கை தப்பு எங்கயோ இங்கதான் நடந்திருக்கு."

அதைச் சொன்னபோது அவள் அதை நம்பினாள். அதுவரைக்கும் அவள்மேல் பெரிய குற்றமில்லை. பாட்டிலை எடுத்தது யார் என்று யோசிக்காமல் வாய் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். சகாய ஆனந்தின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் பேட்ச் ஷீட்டை நீட்டினார். 10.50, பாட்டில் ஐஸ் பெட்டியிலிருந்து வெளியே. 11.00, ரியாக்டருக்குள். "பத்து நிமிசம்தான் மொதலாளி. சில்லுனு இருக்கறப்பத் தொறந்தா பாட்டில்ல தண்ணி கோத்துக்கும். அதுக்குத்தான் பத்து நிமிசம் வச்சேன்."

"எழுதுறது நீதான?" என்றார் கோவிந்தசாமி.

மீதிப் பாட்டிலைப் பிரிசில்லா சிதம்பரத்துக்கு எடுத்துப் போனாள். முறையாகச் சோதித்து அறிக்கை தருகிறேன் என்று சொல்லியிருந்தாள். இரண்டு குடுவைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் கம்பெனியிலிருந்து வந்த வினையூக்கி, இன்னொன்றில் தன் மேஜையில் இருந்தது. மற்ற எல்லாம் அளவு பிசகாமல் ஒன்றேபோல். பெல்லட் போடும்போதுதான் கை நின்றது. கெட்டுப்போன சரக்கில் ராசியான பெல்லட்டை எதற்குப் போடவேண்டும்? கம்பெனிக் குடுவைக்குப் புது டப்பாவைப் பிரித்து ஒரு புதுப் பெல்லட் எடுத்தாள். எழிலனுடையதைத் தன் குடுவையில் போட்டாள்.

கம்பெனிக் குடுவை அப்படியே கிடந்தது. அவளுடையது எண்பத்தெட்டு சதவீதம் பலித்தது. இதைவிடத் தெளிவான சாட்சி வேறு என்ன வேண்டும்? ஒன்றரைப் பக்க அறிக்கை எழுதி, படம் ஒட்டி, கோவிந்தசாமிக்கு அனுப்பினாள். வினையூக்கி கம்பெனியில்தான் வெப்பத்தால் கெட்டிருக்கிறது என்று அதில் இருந்தது. ஆள் பெயர் எதையும் எழுதவில்லை. அதில் அவளுக்கு ஒரு திருப்தி.

அடுத்த திங்கட்கிழமை சகாய ஆனந்தை நிறுத்திவிட்டார்கள். கோவிந்தசாமி ஒரு வழியும் வைத்திருந்தார். தப்பு என்னுடையதுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் டிரம் கழுவும் வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன், கடன் வாங்கிய இடத்தில் காட்ட எனக்கும் ஒரு தாள் வேண்டும் என்றார். சகாய ஆனந்த் மறுத்துவிட்டார். "செய்யாததுக்கு நான் எப்புடி எழுதிக் குடுப்பேன்?" என்பது ஒன்றுதான் அவர் பேச்சு. துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் உடைத்து ஏற்றப் போனார். அங்கே தினமும் வேலை இருக்காது.

ஜோதி மேரி போன் செய்து தங்கையைக் கிழிகிழி என்று கிழித்தாள். "உன் பேப்பராலதான்டி அவுரு இன்னிக்கி ஐஸ் ஒடைக்கிறாரு. நல்லா இரு. மகராசியா இரு." பின்னால் சகாய ஆனந்தின் குரல் கேட்டது. "அந்தப் புள்ளய எதுக்குத் திட்டுற? அது படிச்சத சொல்லிச்சு. வையி போன." அதற்கப்புறம் அக்கா பேசுவதில்லை.

கிறிஸ்துமஸ் போனது, பொங்கல் போனது. பிரிசில்லா ஆய்வேட்டைக் கொடுத்தாள். வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வந்தது, குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. தேர்வு முடிந்ததும் அதே கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை என்று மணவாளன் வாக்குக் கொடுத்திருந்தார். வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் ஒருமுறை செய்துகாட்டச் சொன்னாலும் சொல்வார், தயாராக இரு என்றும் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை ஒத்திகைக்கு உட்கார்ந்தாள். தன் வினையூக்கி தீர்ந்துபோயிருந்தது. புதிதாகச் செய்ய நாலு நாள் ஆகும். அலமாரியில் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த கெட்டுப்போன பாட்டில் இருந்தது. கை பழகுவதற்கு இது போதும், பலிக்காவிட்டால் என்ன என்று அதையே அளந்து போட்டாள். பழக்கதோஷத்தில் ஜெபமாலை டப்பாவைத் திறந்து எழிலனின் பெல்லட்டைப் போட்டாள்.

இரண்டு மணி நேரம் கழித்து ஒரு துளி எடுத்து, தகட்டில் வைத்து, புறஊதா விளக்கின் கீழே பிடித்தாள். பலித்திருந்தது. எப்போதும் வருகிற அதே புள்ளி, எப்போதும் வருகிற அதே உயரத்தில்.

பாட்டிலைத் திருப்பி மேலிருந்த சீட்டைப் பார்த்தாள், கம்பெனிக்குப் போய் வந்த அதே பாட்டில்தான். படித்த கை சும்மா இருக்கவில்லை. அதே பாட்டிலிலிருந்து இன்னொரு குடுவை, இந்தத் தடவை புதுப் பெல்லட். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மூன்றாவது குடுவை. வினையூக்கியே போடவில்லை. நாலு வருஷம் அவள் செய்த அந்தச் சின்ன மூலக்கூறு ஒரு துளிகூட இல்லை. எழிலனின் பெல்லட் மட்டும்.

பலித்தது.

மூன்று தகடுகளையும் பிரிசில்லா மேஜையில் வரிசையாக வைத்தாள். பிறகு எழிலனுக்குப் போன் செய்தாள்.

"அந்தப் பெல்லட்ட வச்சி நீ என்னா ரியாக்சன் செஞ்சிக்கிட்டு இருந்த?"

"நானா? நாலு வருசமும் பல்லேடியம்தான். வேற என்னா தெரியும் எனக்கு? ஏன், இன்னும் ஓடுதா அது?"

"ஓடுது," என்று வைத்துவிட்டாள்.

கீறலுக்குள் இருந்த கறுப்பு, பல்லேடியம். அதிலிருந்து துளித் துளியாகக் கரைந்து வந்ததுதான் நாலு வருஷம் வேலை செய்திருக்கிறது. உலோகமே இல்லாத வழி என்று அவள் எழுதிய நூற்று அறுபது பக்கமும் பொய். கம்பெனிக்குப் போன பாட்டில் கெட்டுப்போகவே இல்லை. சகாய ஆனந்த் செய்ததில் ஒரு பிசகும் இல்லை. தொலைந்துபோன அந்த ஒரு வாரம் அவளுக்கு இப்போது நினைவுக்கு வந்தது. வெட்கத்தில் காது மடல் எரிந்தது.

செவ்வாய்க்கிழமை மணவாளன் அறைக்குப் போனாள். நாலாவது வரியிலேயே அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். மணவாளன் கெட்டவர் இல்லை, கெட்டவராக இருக்க அவருக்கு நேரம் கிடைத்ததில்லை. இதே ஆராய்ச்சியைச் சொல்லி மூன்று மாநாடுகளில் சால்வை வாங்கியிருந்தார்.

"பிரிசில்லா, வெள்ளிக்கிழமை வைவா. அதுவரைக்கும் நீ எதையும் கண்டுபிடிக்க வேணாம்."

"சார், எங்க மாமாவ இதனாலதான் வேலய உட்டு—"

"அதுக்கப்புறம் பாப்போம். இப்ப நீ என்கிட்ட ஒண்ணும் சொல்லல, நானும் ஒண்ணும் கேக்கல. போம்மா."

அவள் திரும்பி வந்தாள். ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். மணவாளன் தடுத்தபோது அவளுக்கு வந்தது கோபம் இல்லை, நிம்மதி. பெரியவர் ஒருவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், இனி தன் கையில் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை கழியட்டும், சனிக்கிழமை மாமாவைப் போய்ப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று தனக்குத்தானே சத்தியமும் செய்துகொண்டாள். சனிக்கிழமை அவள் போயிருப்பாளா என்பது எனக்குத் தெரியாது. ஏனென்றால் புதன்கிழமை மாமாவே வந்துவிட்டார்.

மதியம் மூன்று மணி இருக்கும். ஆய்வுக்கூடத்தில் அவள் மட்டும்தான். கதவைத் தட்டிவிட்டு, உள்ளே வரச் சொல்லும்வரை வெளியிலேயே நின்றார். வெளுத்த சட்டை, படிய வாரிய தலை. கைவிரல்கள் ஐஸில் ஊறி வெடித்திருந்தன. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அக்காவுக்குத் தெரியாம வந்தேன்," என்றார். "வெள்ளிக்கெழம பரிச்சையாமே. மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டுத்தான் பஸ் ஏறுனேன்."

"எதுக்கு மாமா அதெல்லாம்."

"இருக்கட்டும். நான் வேற ஒண்ணு கேக்க வந்தேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "வேலைக்காகக் கேக்கலம்மா. அஞ்சு மாசமா தெனம் அதயே நெனச்சிப் பாக்குறேன். எத்தன மணிக்கு எத எடுத்தேன், எதப் போட்டேன்னு. எனக்கு ஒண்ணும் புடிபடல. பன்னண்டு வருசத்துல ஒரு பேட்ச் நான் கெடுத்ததில்ல. நீ படிச்ச புள்ள. நான் எங்க தப்புப் பண்ணேன்? அதமட்டும் சொல்லிடு. தெரிஞ்சிட்டா தூங்கிருவேன்."

பிரிசில்லாவின் வாய் திறந்தது. நீங்கள் ஒன்றும் செய்யவில்லை மாமா என்ற அந்த மூன்று நாலு வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. மேஜையில் ஜெபமாலை டப்பா இருந்தது. அதற்குப் பக்கத்தில், மூடி திறந்தபடி, காலையிலிருந்து அங்கேயே நிற்கிற வினையூக்கி பாட்டில். சொன்னால் இந்த மனிதர் கடலூருக்குப் போய்ச் சேருவதற்குள் அக்காவுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரிந்தால் கோவிந்தசாமிக்குத் தெரியும், வெள்ளிக்கிழமை தேர்வாளர் உட்காருகிற நாற்காலியில் ஒரு மொட்டைக் கடிதம் இருக்கும். அவளுக்கு முப்பத்தொரு வயது. வேறு எதுவும் அவளிடம் இல்லை. அவள் பயந்தாள். பயந்ததை நான் குறை சொல்லமாட்டேன். அடுத்துச் செய்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம், தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் அதோடு நிற்கவில்லை.

"அந்தப் பத்து நிமிசம்தான் மாமா," என்றாள்.

"எது?"

"பத்து அம்பதுக்கு வெளிய எடுத்து, பதினோரு மணி வரைக்கும் வச்சிருந்தீங்கல்ல. ரியாக்டர் பக்கத்துலதான?"

"ஆமா, மேடையில. தண்ணி கோத்துக்கக் கூடாதுன்னு—"

"அந்தச் சூடே போதும். ரொம்ப மென்மையான மாலிக்யூல் அது. பத்து நிமிசத்துல செத்துப்போச்சு."

சகாய ஆனந்த் அவளையே பார்த்தார். முகத்தில் ஏதோ மெல்ல இறங்கியது. அழப்போகிறார் என்று நினைத்தாள். அவர் அழவில்லை. பெருமூச்சு ஒன்று விட்டார், மாசக்கணக்காகச் சுமந்துகொண்டிருந்ததை இறக்கி வைத்தவரைப்போல.

"அப்ப நான்தான்," என்றார். "நல்லதுன்னு நெனச்சிச் செஞ்சது. பாரேன். ஷீட்லயே எழுதி வச்சிருக்கேன், எனக்குத் தெரியல." பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். "மொதலாளிய எவ்ளோ பேசிட்டேன் மனசுக்குள்ள. அவுரு சொன்னது சரிதான்."

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்தார். பரீட்சைக்குப் போகிறவர்போல் தயாராக வந்திருக்கிறார். "எழுதிக் குடுத்தா டிரம் கழுவ எடுத்துக்கிறேன்னு சொன்னாருல்ல. தப்பு எம்மேல இருந்தா எழுதறதுல என்னா இருக்குது? ஆனா உங்க கெமிஸ்ட்ரி வார்த்த எனக்கு வராது. நீயே எழுதிக் குடும்மா. கையெழுத்து நான் போட்டுக்கிறேன்."

பிரிசில்லா பேனாவை வாங்கினாள். தாளை மேஜையில் விரித்தாள். எழுதினாள். 'நடந்த தவறுக்கு நானே முழுப் பொறுப்பு. வினையூக்கியைக் காலையிலேயே வெளியே எடுத்து வெப்பத்தில் வைத்துவிட்டதால் அது செயலிழந்தது.' முதலாளி எதிர்பார்ப்பது இதுதான் என்று அவளுக்குத் தெரியும். எழுதி நீட்டினாள்.

அவர் தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, வரிவரியாக, பேட்ச் ஷீட்டைச் சரிபார்ப்பதுபோலப் படித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"காலையிலயேன்னு போட்டிருக்கியே. பத்து அம்பதுன்னு போடும்மா. இருக்கறது இருக்கறபடி இருக்கட்டும். நாளைக்கி யாரும் பொய்யின்னு சொல்லக் கூடாது பாரு."

அவள் அடித்துவிட்டு 10.50 என்று எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார். சகாய ஆனந்த். தேதியும் போட்டார். பேனாவை மூடிப் பைக்குள் சொருகினார்.

எழுந்தபோதுதான் மேஜையில் இருந்த பாட்டில் அவர் கண்ணில் பட்டது. மேலே ஒட்டியிருந்த சீட்டு அவருக்கு நன்றாகத் தெரிந்த சீட்டு. பதறிப்போனார். "ஐயோ, இது வெளிய இருக்குதே! நான் வந்து பேச்சுக் குடுத்ததுல மறந்துட்டியா?" அவள் பதில் சொல்வதற்குள் மூடியை இறுக்கி, இரண்டு கையாலும் எடுத்துப்போய், மூலையில் இருந்த குளிர்ப்பெட்டியைத் திறந்து உள்ளே வைத்தார். கதவை மூடி, மூடியிருக்கிறதா என்று இன்னொருமுறை அழுத்திப் பார்த்தார். "பரிச்ச நேரத்துல இதும் கெட்டுப்போனா என்னா பண்ணுவ? பாத்து இரு."

"சரி மாமா."

கதவுவரை போனவர் நின்றார். "பாஸ்கா பண்டிகைக்கு முன்னாடி சாமியாருகிட்ட பாவத்தச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவணும். கிறிஸ்துமசுக்குப் போனப்பவும் சாமியாருகிட்ட, நான் செய்யாத தப்புக்கு எம்மேல பழி உழுந்துடிச்சி சாமின்னுதான் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்துலயே பொய் சொல்லியிருக்கேன் பாரு. இப்ப போயி அதச் சொல்லணும்."

பிரிசில்லா ஜெபமாலை டப்பாவை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தாள்.

"உன்னயும் நான் மனசுல ஒரு ரெண்டு தடவ திட்டியிருக்கேம்மா," என்றார். அவருடைய கண் இப்போதுதான் கலங்கியது. "அக்கா திட்டுனப்ப வாய அடக்குனேனே தவுர, உள்ளுக்குள்ள, இந்தப் புள்ள இப்புடிப் பண்ணிடிச்சேன்னு நெனச்சேன். என்னால உனக்குத்தான் கெட்ட பேரு. மாமாவ மன்னிச்சிக்க."

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் இனி வராது. அது அவளுக்கும் தெரியும். கதவுக்கும் அவளுக்கும் நடுவே நாலு எட்டுதான்.

"பரவால்ல மாமா," என்றாள் பிரிசில்லா. "நான் அன்னிக்கே மன்னிச்சிட்டேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளைப் பார்த்துக் கும்பிட்டார். மச்சினியைக் கும்பிடுகிற வழக்கம் எங்கேயும் கிடையாது. பிறகு தாளை மறுபடி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனார்.

ஜன்னல் வழியாக அவர் சாலையைக் கடந்து கடலூர் பஸ்ஸில் ஏறுவது தெரிந்தது. பஸ் கிளம்பும்வரை பிரிசில்லா பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது என்று, குளிர்ப்பெட்டியைத் திறந்து பாட்டிலை எடுத்து, வழக்கமான இடத்தில், முழங்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.